டப்பாவுக்குக் கொட்டறோம், ஊசிக்கு ஒண்ணுமில்லையா?

எல்.பி. தட்டு கேக்கற கூட்டம் நம்ம ஊர்லயும் இப்ப கொஞ்சம் கூடித்தான் போச்சு. ரெண்டு பேர் சந்திச்சா மூணாவது நிமிஷம் பேச்சு ஃபோனோ ப்ரீஆம்ப்ல வந்து நிக்குது. "உங்களோடது ட்யூபா, ஐ.சி.யா?" ஏதோ கோத்திரம் விசாரிக்கிற மாதிரி. என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன் (அடிக்க வராதீங்க): அந்த டப்பாவுக்கு நாம கொட்டற காசு ரொம்ப அதிகம், ஊசிக்குக் கொடுக்கிறது ரொம்பக் கம்மி. இதுல நஷ்டம் காசு மட்டும் இல்லைங்க, தட்டே போகுது.

புதுசா வர்றவங்களுக்காக சுருக்கமா. பாட்டை அப்படியே தட்டுல வெட்டினா பேஸ் வர்ற இடத்துல பள்ளம் தாறுமாறா அகலமா ஆடும், ஒரு பக்கத்துல கொஞ்ச நேரப் பாட்டுதான் அடங்கும். அதனால பேஸைக் குறைச்சு, ட்ரெபிளை ஏத்தி வெட்டுவாங்க. கேக்கும்போது அதைத் தலைகீழாத் திருப்பணும். 1954ல இருந்து இதுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ.ன்னு ஒரு பொதுக் கணக்கு இருக்கு. 1000 ஹெர்ட்ஸை நடுவுல வெச்சுக்கிட்டா, 20 ஹெர்ட்ஸ்ல சுமார் 19 டெசிபல் தூக்கணும், 20,000 ஹெர்ட்ஸ்ல ஏறக்குறைய அதே அளவு அமுக்கணும். கூடவே கார்ட்ரிட்ஜ்ல இருந்து வர்ற 5 மில்லிவோல்ட் சொச்சத்தை ஒரு நூறு மடங்கு பெருக்கணும். அவ்வளவுதான் ப்ரீஆம்ப்போட உத்தியோகம். அது வீணை இல்லை, கணக்குப்பிள்ளை.

என்கிட்ட இருக்கிறது ஒரு சின்ன டப்பா. உள்ளே சாதாரண 5532 ஐ.சி. இந்த ஐ.சி.ன்னா சிலருக்கு இளப்பம். ஆனா எண்பதுகள்ல வந்த எத்தனையோ ஸ்டூடியோ மிக்ஸர்கள்ல இதே குடும்பத்து ஐ.சி. வரிசையா உக்காந்திருந்தது. பாட்டு தட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே இது வழியா பல தடவை போய் வந்திருக்கும்.

நண்பர் ஒருத்தர் தன்னோட ட்யூப் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது விலைக்கு செகண்ட் ஹேண்ட் பைக் ஒண்ணு வாங்கலாம். முதல் தடவை கேட்டப்ப அவரோடது அள்ளிக்கிட்டுப் போச்சு. காரணம் சிம்பிள், அதுல கெயின் அதிகம். கொஞ்சம் சத்தமா இருந்தா எதுவுமே நல்லாத்தான் கேக்கும். டெஸ்ட் தட்டை ஓட விட்டு, ஸ்பீக்கர் முனையில மல்டிமீட்டர் வெச்சு ரெண்டையும் சமமாக்கினோம். தங்கமணியை ஒயர் மாத்தச் சொல்லிட்டு நாங்க முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டோம் (அதுக்குத் தனியா ஒரு பில் வந்துச்சு, அதை விடுங்க). பத்து தடவை. அவர் ஆறு சரியாச் சொன்னார், நான் அஞ்சு. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் இதே மார்க் வந்திருக்கும் :-)

நிஜமாவே காதுல விழற வித்தியாசம் வேற இடத்துல இருக்கு. முதல்ல 'ஹம்'. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்குப்படி அந்த இடத்துல சுமார் 17 டெசிபல் தூக்கியே ஆகணும், எந்த டப்பாவா இருந்தாலும். டர்ன்டேபிள்ல இருந்து தனியா வர்ற கிரவுண்ட் ஒயரை ஸ்க்ரூவுல முடுக்குங்க. அடாப்டரை டப்பாவுக்குப் பக்கத்துல வெக்காதீங்க. பழைய வாடகை வீடுகள்ல மூணாவது பின்னுக்கு எர்த்தே இருக்காது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்க. கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓடும்போது வர்ற 'ஜ்ஜ்ஜ்' இருக்கே, அதுக்கு ட்யூபும் மருந்து இல்லை, ஐ.சி.யும் மருந்து இல்லை.

அடுத்தது கெப்பாசிடன்ஸ். ஆடியோ-டெக்னிகா வி.எம்.95ஈ கார்ட்ரிட்ஜுக்கு 100ல இருந்து 200 பிகோஃபாரட் போதும்னு கம்பெனியே சொல்லுது. நீளமான ஒயரே அதுல பாதியைத் தின்னுடும். மிச்சத்துக்கு மேல டப்பா தன் பங்கைச் சேர்த்தா 'ஸ', 'ஷ' வர்ற இடமெல்லாம் சீற ஆரம்பிச்சுடும். டப்பாவோட குணம்னு நாம வர்ணிக்கிறதுல பாதி இந்த ஒயர் சமாச்சாரம்தான்.

விதிவிலக்கு உண்டு. மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் வெச்சிருந்தா அரை மில்லிவோல்ட்டுக்கும் கம்மியாத்தான் வரும், ஆயிரம் மடங்கு பெருக்கணும். அங்க இரைச்சல் இல்லாத நல்ல டப்பாவுக்குக் காசு கொடுக்கிறதுல நியாயம் இருக்கு. 1954க்கு முந்தின 78 தட்டு கேக்கறவங்களுக்கும் வேற டப்பா வேணும். அந்தக் காலத்துல ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கணக்குல வெட்டினாங்க, ஆர்.ஐ.ஏ.ஏ. அதுக்குச் சரிப்படாது.

சரி, நண்பர் கதைக்கு வருவோம். "ஊசி எப்ப மாத்தினீங்க?"ன்னு கேட்டேன். "கார்ட்ரிட்ஜோட வந்ததுதான்"ன்னார். தினம் ஒரு எல்.பி., ஆறு வருஷம். எப்படிப் பார்த்தாலும் ஆயிரத்து நானூறு மணி நேரம் ஓடியிருக்கு. எலிப்டிகல் ஊசிக்கு ஆடியோ-டெக்னிகா சொல்ற ஆயுசு 300 மணி நேரம். வைரமா இருந்தாலும் தேயும். தேஞ்ச ஊசியோட விளிம்பு உளி மாதிரி பள்ளத்தைச் செதுக்கும். செதுக்கினது செதுக்கினதுதான், திரும்ப வராது. நம்ம சினிமாத் தட்டுல பெரும்பாலானது மறுபதிப்பே வரலை. இருக்கிறதை நாமளே அரைச்சுத் தீர்த்துட்டா அடுத்தவனுக்கு என்ன மிஞ்சும்?

அவரோட டப்பா விலையில பத்துல ஒரு பங்குகூட ஆகலை, புது ஊசி போட்டாச்சு. நிறையத் தட்டு பளிச்சுன்னு மாறிடுச்சு. ஆனா அவர் அடிக்கடி கேக்கற 'ஹவ் டு நேம் இட்?' (1986) எல்.பி.யில மட்டும் வயலின் உச்சத்துக்குப் போற இடத்துல கரகரப்பு அப்படியே நிக்குது. அடுத்து இன்னும் பெரிய ப்ரீஆம்ப் போட்டா அது போயிடுமான்னு போன வாரம் போன் பண்ணிக் கேட்டார்.