பழைய அம்பாசிடரில் புது இன்ஜின்: ஸ்டார்ட் ஆகும்... ஆனா ஆர்.சி. செல்லுமா?

கோவை அவினாசி சாலையில் உள்ள ஜிடி கார் மியூசியத்தைப் பார்த்துட்டு வந்தால், 'நம்ம வீட்டு அம்பாசிடரையும் ஓட வைக்கலாமே' என்று தோன்றும். அதில் வேறு காரின் புதிய இன்ஜினை மாட்டப் போறீங்களா? முதலில் இதைப் படிங்க.

வயரிங்கில் என்ன சிக்கல்?

கார்ப்ரேட்டர் காலத்து இன்ஜினில் ஸ்பார்க் வர காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் போதும். புதிய இன்ஜினை இயக்குவது இசியூ எனும் கம்ப்யூட்டர். கிராங்க் சென்சார் சிக்னல் தராவிட்டால் ஸ்பார்க் வராது. சாவியில் உள்ள சிப் பொருந்தாவிட்டாலும் வண்டி கிளம்பாது. அதனால் இன்ஜின் மட்டும் வாங்கினால் பத்தாது. அதே காரின் இசியூ, வயரிங், சாவி எல்லாமே வேணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1990களில் இந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசிடரில் இசுசு இன்ஜினைப் பொருத்தி விற்றது. ஆனால் தயாரிப்பாளர் செய்ததை உரிமையாளர் செய்ய முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

விண்டேஜ் பதிவு கிடைக்குமா?

கிடைக்காது. 2021 விதிப்படி வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது.

அப்போ வழி?

அதே ரக இன்ஜின் கிடைத்தால், ஆர்டிஓ அனுமதி வாங்கி மாற்றி, புது எண்ணை ஆர்.சி.யில் பதியலாம். இல்லையென்றால் இருக்கிற இன்ஜினையே ரீபோர் செய்யலாம். லேத் பட்டறைகளுக்குக் கோவையில் பஞ்சமா என்ன?