விலைப்பட்டியலில் உள்ள தேதி

1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் விடைபெற்று, 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. பிரிவுகளின் எண்கள் மாறுகின்றன. ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்னும் இரட்டை வழக்கு நீங்கி ‘வரி ஆண்டு’ என்னும் ஒரே சொல் வருகிறது. அதற்கு முன்பே, 2025 செப்டம்பர் 22 முதல், ஜிஎஸ்டி விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 என்னும் இரண்டுக்குள் அடங்கிவிட்டன. தொழில்முனைவோர் கூடுமிடங்களில் இவையே பேச்சு. ஆயினும், சிறு நிறுவனத்தின் கையிருப்பை அசைப்பவை இவை அல்ல என்பது என் கருத்து. பிரிவு எண் மாறினால் தணிக்கையாளர் பார்த்துக்கொள்வார். விகிதம் மாறினால் கணினியில் ஒரு நாளில் திருத்திவிடலாம். சில ஆண்டுகளாக ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த காலக்கெடுக்களை அவ்வாறு ஆண்டு முடிவில் சரிசெய்துவிட முடியாது.

மின்னணு விலைப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே அது கட்டாயமாயிற்று. பின்னர் 100, 50, 20, 10 எனப் படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தொட்டது. பட்டியலை 30 நாட்களுக்குள் அரசின் தளத்தில் பதிவேற்ற வேண்டும் என்ற கெடுவும் அதே படிக்கட்டில்தான் இறங்குகிறது: முதலில் 100 கோடிக்கு, 2025 ஏப்ரல் முதல் 10 கோடிக்கு. பெரிய நிறுவனங்களுக்கு இன்று வரும் விதி நாளை நமக்கும் வரும். அடுத்த படியில் நிற்பவர் ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கடுமையானது உள்ளீட்டு வரி வரவு. 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தம் படிவத்தில் அந்தப் பட்டியலைக் காட்டியிருந்தால்தான் வாங்கியவருக்கு வரவு கிடைக்கும். 10 லட்சம் ரூபாய்ச் சரக்கை 18 சதவீத வரியுடன் ஒருவர் வாங்கினார் என வைத்துக்கொள்வோம். பணம் கொடுத்தாயிற்று, சரக்கும் வந்தாயிற்று. விற்றவர் கணக்குத் தாக்கல் செய்யவில்லையெனில், வாங்கியவர் அந்த மாதம் 1,80,000 ரூபாயைத் தம் கைப்பணத்திலிருந்து கட்ட நேரிடும். பிறர் தவறுக்கு இவர் வட்டியில்லாக் கடன் கொடுப்பதுபோல் ஆகிறது. இது நியாயமன்று என்றே நான் கருதுகிறேன். வரி வசூலின் ஒரு பகுதியை அரசு வாங்குபவர் தோளில் ஏற்றிவிட்டது. ஆனால் விதி இருக்கும்வரை, சரக்கு தருபவரின் விலையை விசாரிப்பதுபோல அவர் தாக்கல் செய்யும் ஒழுங்கையும் விசாரித்தாக வேண்டும். ஜிஎஸ்டி எண்ணைக் கொண்டு எவரும் அதைத் தளத்தில் பார்க்கலாம். வரவு அறிக்கை 14-ஆம் தேதி வருகிறது. மாதந்தோறும் கணக்கு அளிப்பவருக்கு வரி கட்டக் கடைசி நாள் 20. அந்த ஆறு நாட்களில் விற்றவரைத் தேடி அலைவதைவிட, 10-ஆம் தேதியே ஒரு தொலைபேசி அழைப்பு மேல்.

மூன்றாவது, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்கள், இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் இல்லை. கெடு கடந்து மார்ச் 31 அன்றும் நிலுவையாக நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க இயலாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். 43பி பிரிவில் சேர்க்கப்பட்ட இவ்விதி முதன்முதலில் 2023-24 கணக்குகளைத் தொட்டது. கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் அவ்வாறு நின்றால், அவ்வாண்டின் வரி 6 லட்சத்துக்கு மேல் கூடும். அப்போது சூரத் ஜவுளிச் சந்தையிலிருந்து முறையீடுகள் எழுந்தன. வாங்குவோர் சிறு நிறுவனங்களைத் தவிர்த்து வேறிடம் போகிறார்கள் என்பதே கவலை. சிறியவரைக் காக்க வந்த விதி அவரிடமிருந்து வாடிக்கையாளரை விரட்டக்கூடும் என்பதைச் சட்டம் இயற்றியோர் முன்பே எண்ணியிருக்கலாம். எனினும் இதன் நோக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆறு மாதம் கடன் சொல்லும் வழக்கம் சிறு பட்டறைகளை எவ்வளவு வாட்டுகிறது என்பதைத் தொழில் செய்பவர் எவரும் அறிவர்.

இம்மூன்றிலும் கடிகாரம் ஓடத் தொடங்குவது பட்டியல் எழுதப்படும் நாளிலோ, சரக்கை ஏற்கும் நாளிலோதான். ஆகவே ஆயத்தம் என்பது தணிக்கையாளர் அலுவலகத்தில் அல்ல, பட்டியல் எழுதும் மேசையிலும் சரக்கு இறங்கும் கிடங்கிலும் தொடங்க வேண்டும். மாதக் கடைசியில் காகிதக் கட்டைக் கணக்காளரிடம் கொடுக்கும் பழக்கம் இனி உதவாது. சரக்கு வந்த தேதி, தருபவரின் உத்யம் பதிவு எண், அவர் குறுவா, சிறுவா, நடுத்தரமா, வெறும் வணிகரா என்ற விவரம் (நடுத்தர நிறுவனங்களுக்கும் வணிகர்களுக்கும் 45 நாள் விதி பொருந்தாது) ஆகியவை கணக்கில் அன்றன்றே ஏற வேண்டும். 2025 ஏப்ரல் முதல் இந்த வகைப்பாட்டின் வரம்புகளே உயர்ந்துவிட்டன; விற்றுமுதல் 100 கோடி வரையும், முதலீடு 25 கோடி வரையும் இருந்தால் ஒரு நிறுவனம் இன்று சிறு நிறுவனமே. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு கெடு பார்ப்பவர் ஏமாறுவார்.

மார்ச் மாதத்தில் பழைய நிலுவைகளைத் தீர்க்க எவ்வளவு தேவைப்படும் என்பதை ஜனவரியிலேயே கணக்கிட்டு, நடைமுறை மூலதன வரம்பைப் பற்றித் தங்கள் கிளையில் அப்போதே பேசிவிடுவது நல்லது. மார்ச் 28-ஆம் தேதி வந்து கேட்டால், எந்தக் கிளை மேலாளராலும் அதற்குள் ஒப்புதல் பெற்றுத் தர இயலாது.