ஓகன் வாசிக்கும் பிள்ளை

அண்மையில் கிளிநொச்சியில் ஒரு திருமண வைபவத்துக்குச் சென்றிருந்தோம். இசைக்குழுவின் பாடகருக்குக் கைதட்டல் மழையாகப் பொழிந்தது. பின்வரிசையில் ஓகன் வாசித்த இளைஞனை அவனுடைய தாயாரைத் தவிர ஒருவரும் நோக்கினாரில்லை. எம் அருகே அமர்ந்திருந்த அவ்வம்மையார், "ஐயா, உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் ஆறு மாதந்தான் கிடக்கு. படிப்பை விட்டிட்டு ஓகனோட போகப் போறானாம். ஏனெண்டு கேட்டால், ரகுமான் படிச்சவரோ எண்டு கேக்கிறான்" என்று குறைப்பட்டார்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. பாதிக் கதையைச் சொல்கிறான்.

1967ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த திலீப்குமாரே பின்னாளில் ஏ. ஆர். ரகுமான் ஆனார். தந்தையார் ஆர். கே. சேகர் மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். 1976இல் அவர் காலமானபோது மகனுக்கு வயது ஒன்பது. அவர் விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்குக் கொடுத்தே தாயார் குடும்பத்தைக் காத்தார். பதினோராவது வயதில் பையன் இளையராஜாவின் குழுவில் கீபோட் வாசிக்கப் புகுந்தான். பள்ளிக்கூடத்தை விட்டது புகழுக்காக அன்று; அடுப்பு எரியவேண்டும் என்பதற்காக!

எம். எஸ். விஸ்வநாதன், ரமேஷ் நாயுடு, ராஜ்-கோட்டி என எத்தனையோ பேரின் பாட்டுக்கு அவர் பின்னிருந்து வாசித்தார். தோழர்களுடன் சேர்ந்து 'ரூட்ஸ்' என்ற இசைக்குழுவிலும் வாசித்தார். அதில் மேளம் தட்டிய சிவமணியை இன்று உலகறியும். மற்றொருவரான சுரேஷ் பீற்றர்ஸ் பிறகு திரையில் பாடினார். சென்னையில் 'நெமிசிஸ் அவெனியூ' என்றொரு றொக் குழுவையும் ரகுமான் அமைத்தார். விளம்பரங்களுக்கும் இசை செய்தார். படிப்பையும் அவர் அடியோடு கைவிட்டாரல்லர்: தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றார், லண்டன் ட்ரினிற்றி இசைக்கல்லூரியின் பட்டயத்தை மேனாட்டுச் செவ்வியல் இசையில் பெற்றார்.

'ரோஜா' வந்தது 1992இல். பதினோரு வயதிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 14 ஆண்டு! முதற் படத்துக்கே இந்தியாவின் தேசிய விருது கிடைத்ததை யாவரும் சொல்வர். அந்தப் 14 ஆண்டைச் சொல்வார் அரியர்.

அக்காலத்தில் வன்னியில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் அரிது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவின் தயவில் மற்றவர்கள் பாட்டுக் கேட்டோம். சுற்றுபவரின் கை தளர்ந்தால் பாட்டும் தளரும். அந்த இசைக்கு உரியவர் 2009இல் இரண்டு ஒஸ்கார் விருதுகளைக் கையிலேந்தியபோது இங்கே யாருக்கு இசை கேட்க மனமிருந்தது?

அதற்கு முந்திய ஆண்டில் அவர் சென்னையில் இசைக் கல்லூரியொன்றைத் தொடங்கியிருந்தார். இதையும் பையனிடம் சொல்லவேண்டும் என எண்ணினோம்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவனே வந்தான். எல்லாவற்றையும் சொன்னோம். தலை குனிந்தபடி கேட்டான்.

"தம்பி, அந்த ஓகன் உம்முடையதோ?" என்று வினவினோம்.

"இல்லை ஐயா, வாடகைக்கு எடுத்தது. பத்து மணிக்கு முன்னம் கொண்டுபோய்க் குடுக்க வேணும்" என்றான்.

தாயார் எழுந்து, ஓகனின் உறையைத் தேடி எடுத்து வந்தார்.