நம்ம ஊர் பெரியவங்க – 9: கல்கத்தாவுக்குப் போய் நெருப்பைக் கொண்டுவந்தவர்!

ஒரு ரூபாய்க்குத் தீப்பெட்டி வாங்கிய காலம் நினைவிருக்கிறதா? ரொம்பப் பழைய கதை இல்லை. 2021 டிசம்பரில்தான் அது இரண்டு ரூபாய் ஆனது. அதற்கு முன்பு 14 வருடங்கள் ஒரே விலைதான். பால், பஸ் டிக்கெட், சிலிண்டர் என எல்லாம் ஏறியபோதும் தீப்பெட்டி மட்டும் அசையவில்லை. அதைச் செய்த கைகளுக்கு அவ்வளவு குறைவான கூலி என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அந்தக் கைகளுக்கு முதன்முதலில் வேலை கொடுத்தவர்களில் ஒருவர்தான் இந்த வாரப் பெரியவர், சிவகாசி பி.அய்ய நாடார்.

100 வருடங்களுக்கு முந்தைய சிவகாசியை நினைத்துப் பாருங்கள். கரிசல் காடு, மானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பும் பருத்தியும் விளையும். பொய்த்தால் பஞ்சம்தான். 1899-ல் நடந்த பெரிய கலவரத்தின் வடுவும் ஊரில் ஆறாமல் இருந்தது. அந்த ஊரிலிருந்து 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் அவருடைய உறவினர் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். இருவரும் இளைஞர்கள். தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுவருவதுதான் நோக்கம்.

அதுவரை இங்கே பெரும்பாலும் வெளிநாட்டுத் தீப்பெட்டிதான். 1922-ல் இறக்குமதி வரியை அரசு கடுமையாக உயர்த்தியது. இனி உள்ளூரில் செய்தால் லாபம் என்று பலருக்கும் தோன்றியது. ஸ்வீடன் நாட்டு முதலீட்டில் விம்கோ நிறுவனம் இந்தியாவில் கால்வைத்ததும் அந்தச் சமயத்தில்தான். சென்னை மெட்ரோவில் ‘விம்கோ நகர்’ ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமாக இருக்கும்.

இயந்திரமா, கையா?

சில மாதங்கள் தொழில் பழகி ஊர் திரும்பிய இருவரும், முதலில் ஜெர்மனி இயந்திரங்களை வைத்துத்தான் தொடங்கினார்கள். கட்டுப்படியாகவில்லை. பணக்கார வெளிநாட்டு நிறுவனத்தோடு இயந்திரத்தை வைத்துப் போட்டி போட முடியாது என்பது புரிந்தது. அப்போது எடுத்த முடிவுதான் சிவகாசியின் தலையெழுத்தை மாற்றியது. கையாலேயே செய்வது என்று தீர்மானித்தார்கள்.

சட்டத்தில் குச்சி அடுக்க, மருந்தில் முக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்ட என ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். மழை இல்லாத ஊரில் ஆளுக்கா பஞ்சம்? குச்சியும் மருந்தும் காய வெயில் வேண்டும். அதற்கும் குறைவில்லை. எதெல்லாம் அந்த மண்ணின் சாபம் என்று சொல்லப்பட்டதோ, அதெல்லாம் தொழிலுக்கு வரமாக மாறியது.

பிறகு இருவரும் தனித்தனியாகத் தொழில் செய்தார்கள். அய்ய நாடாருக்கு ‘அணில்’, சண்முக நாடாருக்கு ‘காக்கா’. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் படத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கலாம். அந்தப் படங்களை அச்சடிக்க அச்சகங்கள் வந்தன. மத்தாப்புத் தீக்குச்சியில் தொடங்கிப் பட்டாசும் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு மூன்றும் சேர்ந்து சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ ஆக்கின.

ஊர்ப் பணம் ஊருக்கே

தொழிலில் ஜெயித்தவர்கள் நிறைய பேர் உண்டு. இந்தத் தொடரில் அய்ய நாடார் இடம்பிடிக்கக் காரணம், அவர் சிவகாசி நகராட்சித் தலைவராகவும் இருந்தவர் என்பதுதான். அந்தப் பகுதி வியாபாரிகளிடம் ‘மகமை’ என்று ஒரு பழக்கம் இருந்தது. விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவில் போட்டுவிட வேண்டும். பள்ளிக்கூடம், கிணறு, சத்திரம், கோயில் எல்லாம் அந்தப் பணத்தில்தான். பக்கத்து விருதுநகரில் வீடுவீடாகப் பிடி அரிசி வாங்கிப் பள்ளி நடத்தினார்கள். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். சம்பாதித்த ஊருக்குத் திருப்பிக் கொடுப்பதைத் தர்மமாக இல்லாமல் கடமையாகப் பார்த்த ஊர்கள் இவை.

அந்த வழியில் வந்ததுதான் 1963-ல் தொடங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. தீப்பெட்டி ஒட்டிய வீடுகளிலிருந்து பட்டதாரிகள் வர, சொந்த ஊரிலேயே ஒரு வாசல் திறந்தது.

கணக்கின் இன்னொரு பக்கம்

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கும் சுலபம்தான். ஆனால், டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எனக்கு சிவகாசி வேறு மாதிரியும் அறிமுகம். ‘பட்டாசு ஆலையில் வெடி விபத்து’ என்று எத்தனை முறை டைப் செய்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பழைய செய்தியை எடுத்து, கிராமத்தின் பெயரையும் இறந்தவர்களின் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றினால் போதும் என்கிற அளவுக்கு அது பழகிவிட்டது. எனக்குப் பயமாக இருப்பதும் அதுதான். 2012-ல் முதலிப்பட்டியில் ஒரே நாளில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

குழந்தைகளின் கதையும் இருக்கிறது. கையால் செய்யும் வேலை என்றால், சின்னக் கைகளும் வந்துவிடும். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் விடியற்காலையில் ஆலை வண்டி ஏறிய தலைமுறை ஒன்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டு. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைத்தால், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்றது. அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வழிபார்க்கவும் சொன்னது.

இதையெல்லாம் ஒரு மனிதர் தலையில் கட்ட முடியாது. அது நியாயமும் இல்லை. 1920-களில் எடுத்த முடிவுக்கு, பின்னால் வந்த நூற்றுக்கணக்கான முதலாளிகளும் அரசுகளும் அதிகாரிகளும் செய்த, செய்யத் தவறிய காரியங்களும் சேர்ந்ததுதான் இன்றைய சிவகாசி. பாதுகாப்பைச் செலவாகப் பார்த்தவர்கள் யாரோ, அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால், ஊருக்குச் சோறு போட்டதும் கையால் செய்யும் வேலைதான், குழந்தைகளை உள்ளே இழுத்ததும் கையால் செய்யும் வேலைதான் என்பதை மறைத்துவிட்டுப் பெரியவர்களைப் பற்றி எழுதக் கூடாது என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்த விஷயம், ஒரே மனிதரின் பெயர் தீப்பெட்டியோடும் இருக்கிறது, கல்லூரி வாசலிலும் இருக்கிறது என்பது. முதலாவது, வேலைக்கு வா என்றது. இரண்டாவது, படிக்க வா என்றது. முதல் அழைப்பு வந்த 40 வருடங்கள் கழித்துத்தான் இரண்டாவது வந்தது. அந்த இடைவெளியில் வளர்ந்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். அவர்கள் பேரப்பிள்ளைகளில் யாரும் ஆலை வண்டியில் ஏறக் கூடாது என்பதுதான் அந்த ஊர் இன்னும் முடிக்காத கணக்கு.

உங்கள் ஊரிலும் பஸ் ஸ்டாண்டுக்கோ பள்ளிக்கோ ஒரு பெரியவரின் பெயர் இருக்கும். அவர் யார், என்ன செய்தார் என்று வீட்டில் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நல்லதையும் கேளுங்கள், மற்றதையும் கேளுங்கள். எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.

அடுத்த வாரம் இன்னொரு ஊர், இன்னொரு பெரியவர்!