கற்பிக்க ஒரு வாசல், வசிக்க இன்னொன்று

ஐம்பது வயதைத் தாண்டிய வெளிநாட்டவரைத் தாய்லாந்து வரவேற்கிறது. வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு வைத்திருந்தாலோ, மாதம் 65,000 பாட் வருமானம் காட்டினாலோ ஓய்வுக்கால விசா கிடைக்கும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம். ஆனால், அந்த விசாவில் இருப்பவர் வேலை எதுவும் செய்யக் கூடாது. ஆங்கிலம் கற்பிக்க வருபவருக்கு வேறு விசா, தனியாக ஒரு வொர்க் பர்மிட். இரண்டும் வேலை கொடுத்த பள்ளியோடு கட்டப்பட்டவை. பள்ளி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால் தங்கும் உரிமையும் கூடவே முடிகிறது. அந்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 60 வயதில் ஓய்வுபெறுகிறார்கள். வெளிநாட்டு ஆசிரியர்களுக்கும் பெரும்பாலான பள்ளிகள் அதே கோட்டைத்தான் போடுகின்றன. தங்க விடும் வாசல் வேலையைத் தடுக்கிறது. வேலை தரும் வாசல் முதுமையைத் தடுக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியைப் பணம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஐம்பதுக்கு மேல் ஒருவர் பெட்டி படுக்கையோடு ஆங்கிலம் கற்பிக்கப் புறப்படுகிறார் என்றால், அதன் பின்னால் பெரும்பாலும் ஓர் இழப்பு இருக்கும். வேலை போயிருக்கும், மணவாழ்க்கை முறிந்திருக்கும், அல்லது கையிலிருக்கும் சேமிப்பு சொந்த ஊர் விலைவாசிக்குத் தாங்காது. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து இப்படி வருபவர்கள் நெடுங்காலமாக உண்டு. பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் பெருமளவில் வருகிறார்கள். இந்தியர்களும், அவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள். எல்லோர் மனத்திலும் ஓடும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: உடம்பு இடம் கொடுக்கும்வரை கற்பிப்பது, பிறகு அங்கேயே இருந்துவிடுவது. அந்தக் கணக்கு தப்பும்போது, திட்டமில்லாமல் வந்தவர்கள் என்று அவர்களைக் குறை சொல்வது அநியாயம். விதிகளே அதைப் பலிக்க விடுவதில்லை.

சாதாரணப் பள்ளிகளில் சம்பளம் மாதம் 30,000 முதல் 40,000 பாட் வரை. ஏஜென்சி மூலம் சேர்ந்தவர்களில் பலருக்குப் பத்து மாத ஒப்பந்தம்தான். மே மாத நடுவில் பள்ளி திறக்கும்வரை கோடை விடுமுறையில் சம்பளமே கிடையாது. இதில் வாடகையும் சாப்பாடும் போக 8 லட்சம் பாட் சேர்ப்பது எப்படி? ஒரு பைசா செலவழிக்காமல் வைத்தாலும் இரண்டு ஆண்டுச் சம்பளம் அது. நம் பணத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல். நிரந்தரமாக வசிக்கும் அனுமதி இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வேலை விசாவில் இருந்திருக்க வேண்டும். வேலையை வைத்து விண்ணப்பிப்பவர் மாதம் 80,000 பாட் சம்பளம் காட்ட வேண்டும். ஒரு நாட்டவர்க்கு ஆண்டுக்கு 100 இடம்தான். இன்டர்நேஷனல் பள்ளி ஆசிரியருக்கு இது கைக்கெட்டலாம். மாவட்டத் தலைநகரில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவருக்கு எட்டாது. போதாக்குறைக்கு, தாய்லாந்தில் வாழும் பிரிட்டிஷ்காரரின் அரசு ஓய்வூதியம் முதல்முதலாக எவ்வளவு வந்ததோ அதே தொகையில் நின்றுவிடும். பிரிட்டனில் ஆண்டுதோறும் கிடைக்கும் உயர்வு அங்கே கிடைக்காது. அமெரிக்கருக்கு ஓய்வூதியம் வரும், ஆனால் ஊரில் இருந்த மெடிகேர் மருத்துவக் காப்பீடு பாங்காக் மருத்துவமனையில் செல்லாது.

இத்தனைக்கும் இந்த வயதுக்காரர்கள் கொண்டுவருவது என்ன என்பதை வகுப்பறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். மதுரைப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் பல ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு, தாய்லாந்தின் வடகிழக்கே உடோன் தானியில் ஒரு பள்ளிக்குப் போன ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம், தேசிய கீதம். வெயிலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளோடு வெளிநாட்டு ஆசிரியரும் நிற்க வேண்டும். பிறகு 40 பேருக்கு மேல் இருக்கும் வகுப்பு. அந்நாட்டு மொழியில் ஒரு சொல் 'ல்' ஒலியில் முடிவதில்லை, 'ன்' ஆகிவிடும். அதனால் பிள்ளைகள் வாயில் ஃபுட்பால் 'ஃபுட்பான்' ஆகிறது, ஸ்கூல் 'சகூன்' ஆகிறது. ஆசிரியை அவர்களை மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்கிறார். மூச்சு அடைபட்டால் வந்தது 'ன்'. தடையில்லாமல் ஒலி வெளியே வந்தால் 'ல்'. முழு வகுப்பும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். "நம்ம ஊர்ல பிள்ளைங்க 'இஸ்கூல்'னு சொல்றதத் திருத்தித் திருத்தித்தான் சார் இதெல்லாம் கத்துக்கிட்டேன்" என்றார் அவர். பிழை எங்கே பிறக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் காது பட்டப்படிப்பில் வருவதில்லை, ஆண்டுக்கணக்கான வகுப்புகளில்தான் வருகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு வயதுதான் மூலதனம். விசா அலுவலகத்திலோ பள்ளி நேர்காணலிலோ அதைக் கணக்கில் எடுப்பவர் யாரும் இல்லை.

நேர்காணலில் முதலில் பார்ப்பது பாஸ்போர்ட்டை. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவர்தான் 'தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர்' என்ற பட்டியலில் வழக்கமாக வருகிறார்கள். தென்கொரியா பல ஆண்டுகளாகவே இந்த ஏழு நாடுகளை வைத்துத்தான் ஆங்கில ஆசிரியர் விசா தருகிறது. இந்தியாவுடனான பொருளாதார ஒப்பந்தம் 2010-ல் ஒரு சிறு விலக்கைத் தந்தது. தாய்லாந்தில், வரலாற்றுப் பட்டம் பெற்ற அமெரிக்கருக்கு மொழித் தேர்வு வேண்டாம், ஆங்கிலத்தில் எம்.ஏ., பி.எட். முடித்த நம்மவர் டோயிக் தேர்வில் 600 மதிப்பெண் காட்ட வேண்டும். பல பள்ளிகளில் பிலிப்பைன்ஸ் ஆசிரியருக்கு அதே வேலைக்குக் குறைவான சம்பளம்.

பாஸ்போர்ட் மீதான இந்த மயக்கத்துக்கு வயது அதிகம். அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் மன்னர் மோங்குட் தன் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க 1862-ல் வரவழைத்த அன்னா லியோனோவென்ஸ் தன்னை வேல்ஸில் பிறந்தவர் என்றே சொல்லிக்கொண்டார். அவர் பிறந்தது 1831-ல் நம் அஹமத்நகரில். தாய்வழியில் ஆங்கிலோ-இந்தியர் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 1970களில் ஒருவர் பழைய பதிவேடுகளைத் தேடிய பிறகுதான் இது வெளியே வந்தது. அவரிடம் படித்த இளவரசர் சுலலாங்கோர்ன் பிற்காலத்தில் தாய்லாந்தின் பெருமைக்குரிய மன்னரானார். மாணவருக்கு எந்தக் குறையும் வரவில்லை. ஆசிரியைதான் வாழ்நாள் முழுதும் பிறந்த ஊரை மறைத்து வாழ வேண்டியிருந்தது.

தாய்மொழிக்காரரே சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கை தவறு என்பதை ராபர்ட் பிலிப்சன் 1992-லேயே விரிவாக எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா அந்த வகுப்பறைகளையே ஆதாரமாக வைத்து 1999-ல் ஒரு நூல் எழுதினார். பின்னர் உலக ஆங்கில ஆசிரியர்களின் முக்கிய ஆய்விதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். கல்வித்துறை அறிஞர்கள் எப்போதோ தீர்த்துவிட்ட கேள்வியைப் பள்ளி அலுவலகங்கள் இன்னும் பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்தே முடிவுசெய்கின்றன. இதில் நஷ்டம் தாய்லாந்துப் பிள்ளைகளுக்கு. 2024-ல் வெளியான இ.எஃப். ஆங்கிலத் திறன் பட்டியலில் 116 நாடுகளில் அந்நாட்டுக்கு 106-வது இடம்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் விதி வேறொன்று. ஓய்வுக்கால விசாவில் சியாங் மாயில் வசிக்கும் 65 வயது ஆசிரியர், பக்கத்துப் பள்ளியில் சம்பளம் இல்லாமல் வாரம் இரண்டு வகுப்பு எடுக்க ஆசைப்பட்டால்கூட அதற்கு வொர்க் பர்மிட் வேண்டும். தொண்டுக்கும் அனுமதிச்சீட்டு கேட்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. போலிப் பட்டங்களோடும் குற்றப் பின்னணியோடும் வந்தவர்கள் வகுப்பறைக்குள் நுழைந்த நாடு அது; 2006, 2007-ல் வெளிநாட்டு ஆசிரியர்கள் சிலர் கைதானபோது நாடே பதறியது. பிள்ளைகளைக் காப்பது அரசின் முதல் கடமை என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் காவல்துறைச் சான்றும் ஆசிரியர் கவுன்சில் உரிமமும் வைத்துப் பத்தாண்டுகள் கற்பித்தவர், 60 ஆன மறுநாள் முதல் எப்படி அந்நியராகிறார்?

இரண்டு வாசல்களையும் இணைக்க அரசுக்குத் தெரியாமலும் இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய நீண்டகாலக் குடியிருப்பு விசாவில், ஐம்பது வயதான வசதி படைத்த ஓய்வூதியர் பத்தாண்டுகள் தங்கலாம், வேலை அனுமதியும் பெறலாம். அதற்குப் பொதுவாக வேண்டியது ஆண்டுக்கு 80,000 டாலர் வருமானம். ஜப்பானில் நிலைமை வேறு. பொதுவாகப் பத்தாண்டுகள் வசித்து, அதில் ஐந்தாண்டுகள் வேலை விசாவில் இருந்தவர் நிரந்தரமாக வசிக்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். பொது ஓய்வூதியம் பெறத் தேவையான சந்தாக் காலமும் 2017-ல் 25 ஆண்டிலிருந்து 10 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலவழிக் கல்வி பெற்ற இந்தியர் அங்கே பள்ளி ஆசிரியர் விசாவுக்கும் தகுதி பெறுகிறார். வாழ்க்கைச் செலவு கடுமை, மொழி கடுமை. இருந்தாலும் 52 வயதில் போய் முழுநேர வேலையில் சந்தா கட்டிவருபவர் 62-ல் எங்கே நிற்பார் என்று கணக்கிட முடிகிறது.

தமிழ்நாட்டில் அரசு ஆசிரியர் ஓய்வுபெறும் வயது 60. தாய்லாந்துப் பள்ளிகளின் கதவு மூடும் வயதும் அதுவே என்பதால், போக முடிந்தவர்கள் தனியார் பள்ளிகளில் சொற்பச் சம்பளத்துக்கு உழைத்த ஐம்பதுக்காரர்கள்தான். அவர்கள் பன்னிரண்டு மாதச் சம்பளம் உண்டா, ஆசிரியர் உரிமத்துக்குப் பள்ளி துணைநிற்குமா, எந்த வயதுவரை புதுப்பிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறட்டும்.

தாய்லாந்து செய்ய வேண்டியது பெரிய சட்டத் திருத்தம்கூட இல்லை. அந்நாட்டவரை மணந்தவருக்கு இருப்புத்தொகை வரம்பு இப்போதே 4 லட்சம் பாட்தான். உரிமத்தோடு ஐந்தாண்டுகள் கற்பித்த ஆசிரியருக்கும் அதே வரம்பை வைத்து, அறுபதுக்குப் பிறகு வாரத்தில் சில மணி நேரம் அருகிலுள்ள பள்ளியில் கற்பிக்கும் அனுமதியையும் அந்த விசாவிலேயே சேர்த்துக் கொடுக்கலாம்.