காய்ச்சல் கண்டால் முதலில் தட்டும் கதவு



கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரக்குப்பத்திலிருந்து எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம் வரை வாழும் குடும்பங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் நாம் முதலில் எங்கே செல்கிறோம்? பெரும்பாலும் தெருமுனை மெடிக்கல் கடைக்கு. அதிலும் தணியாவிட்டால், மாலையில் திறக்கும் தனியார் கிளினிக்கிற்கு. மாநகராட்சியின் சுகாதார நிலையமும் ஸ்டான்லி மருத்துவமனையும் அதன் பிறகே நினைவுக்கு வருகின்றன. கடலுக்குச் செல்பவரும் துறைமுகத்தில் நாட்கூலிக்குச் செல்பவரும் ஒரு பகலை வரிசையில் கழித்தால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே இதில் குறை காண்பதற்கில்லை. ஆனால், நாம் முதலில் தட்டும் அந்தக் கதவை வெளியே நிறுத்திவிட்டு மலேரியாவை ஒழித்துவிட முடியாது என்பதே நம் கருத்து.

மலேரியா என்று ஐயம் எழுந்தவுடன் நடக்கவேண்டியவை மூன்று: இரத்தப் பரிசோதனை, முழுமையான சிகிச்சை, அரசுக்குத் தகவல்.

சென்னையில் பெரும்பாலும் காணப்படுவது வைவாக்ஸ் வகை மலேரியா. குளோரோகுயின் மாத்திரையை 3 நாட்கள் உட்கொண்டால் இரத்தத்திலுள்ள கிருமிகள் அழிந்து காய்ச்சல் தணிந்துவிடும். ஆனால் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் எழும். அதை வேரறுக்க பிரிமாகுயின் மாத்திரையை 14 நாட்கள் விடாமல் உட்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும், ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் அம்மாத்திரை ஆகாது. எனவே பரிசோதனையின்றிக் கடையில் வாங்கி விழுங்கும் நாலு மாத்திரைகள் இந்நோய்க்கு மருந்தாகா. மருத்துவம் கற்காமல் மருத்துவம் பார்ப்பவர் அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாவார் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல். மெடிக்கல் கடை நடத்தும் நம் சகோதரர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

மூன்றாவதான தகவல், நோயாளியைவிட அவரது அண்டை வீட்டாருக்கே அதிகம் தேவை. நகர மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி கொசு சாக்கடையைவிட நல்ல தண்ணீரையே நாடுகிறது. மாடித் தொட்டி, கிணறு, தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம் ஆகியவையே அதன் பிறப்பிடம். கிளினிக்கிலிருந்து தகவல் சென்றால் மாநகராட்சி ஊழியர் அத்தெருவுக்கு வந்து தொட்டிகளைச் சோதிக்கலாம். அக்கம்பக்கத்தில் காய்ச்சல் உள்ளவர்களின் இரத்தத்தைப் பரிசோதிக்கலாம். தகவல் செல்லாவிட்டால் ஒருவர் குணமாவார். அவரைக் கடித்த கொசுவோ அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடிச் செல்லும்.

அரசுக் கணக்கின்படி, 2015இல் இந்தியாவில் 11.69 லட்சமாக இருந்த மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 2023இல் 2.27 லட்சமாகக் குறைந்துள்ளது. இது மகிழத்தக்க செய்தியே. ஆயினும் எண்ணப்பட்டவர்கள்தாம் இக்கணக்கில் உள்ளனர். 2030க்குள் மலேரியாவை ஒழிப்பது தேசிய இலக்கு. இறுதிக் கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் விடுபடும் ஒரு நோயாளிகூடப் பெரும் சேதம் விளைவிக்கக்கூடும்.

இதற்கு இலங்கையே சான்று. அங்கு 1963இல் 17 பேருக்கு மட்டுமே மலேரியா இருந்தது. கண்காணிப்பு தளர்ந்தது, சில ஆண்டுகளிலேயே பல இலட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். நெடிய போராட்டத்துக்குப் பின் 2016 செப்டம்பரில்தான் அந்நாடு மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்றும் அங்கு மலேரியா மருந்தைக் கடை வியாபாரத்துக்கு விட்டுவிடவில்லை. தனியார் மருத்துவமனையில் நோய் கண்டறியப்பட்டாலும் மருந்தை மலேரியா தடுப்பு இயக்கமே இலவசமாக வழங்குகிறது. மருந்து தேவைப்படும் தனியார் மருத்துவர் தாமாகவே அரசுக்குத் தகவலும் தந்துவிடுகிறார்.

நம் நாட்டிலும் காசநோயில் இத்தகைய வழி பலன் தந்துள்ளது. 2012இல் காசநோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமாக்கப்பட்டது. பின்னர், தெரிவிக்கும் தனியார் மருத்துவருக்கு ஊக்கத்தொகையும் வழங்கப்பட்டது. 2023இல் பதிவான 25 லட்சத்துக்கும் மேற்பட்ட காசநோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தனியார் மூலம் பதிவானவர்.

தனியார் மருத்துவர்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. மாலை 3 மணி நேரத்தில் அறுபது பேரைப் பார்ப்பவருக்குப் படிவம் நிரப்ப நேரமேது? பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால், செலவுக்கு அஞ்சி நோயாளி வேறு கிளினிக்கைத் தேடிப் போகிறார். ஆகவே சட்டத்தைக் காட்டி மிரட்டுவது மட்டும் போதாது. மாநகராட்சி பரிசோதனைக் கருவிகளையும் பிரிமாகுயினையும் கிளினிக்குகளுக்கு இலவசமாகத் தரட்டும்; ஒரு தொலைபேசி அழைப்பே தகவலாக ஏற்கப்படட்டும்; நோயாளியின் பெயர் தெருவில் பேசப்படாமல் காக்கப்படட்டும்.

நம் ஜமாஅத்துகளுக்கும் இதில் கடமை உண்டு. மஹல்லாவின் மருத்துவர்கள், இரத்தப் பரிசோதனை நிலையத்தார், மெடிக்கல் கடைக்காரர்கள், மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளர் ஆகியோரை ஒரே அமர்வில் கூட்டும் நம்பகத்தன்மை பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பே அதைச் செய்யலாம். பரிசோதனைக் கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்கு, அவர் எம்மதத்தவராயினும், பைத்துல்மால் உதவலாம். உளூச் செய்யும் ஹவுளில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன்களை விடலாம். பாத்திரங்களை மூடி வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் அறிவோம். நம் மாடித் தொட்டிகளின் மூடிகள் சரியாக உள்ளனவா என்று இன்றே பார்க்கலாம்.

இனி காய்ச்சலோடு கிளினிக் செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம்: மலேரியாவுக்கு இரத்தம் சோதிக்க வேண்டுமா? எத்தனை நாள் மருந்து? மாநகராட்சிக்குத் தெரிவித்தீர்களா? கேட்பவர்கள் பெருகினால், செய்பவர்களும் பெருகுவார்கள்.

நம் இல்லங்களையும் அண்டை வீட்டாரையும் நோயிலிருந்து காத்து, அதற்கான முயற்சியையும் நமக்கு வல்ல அல்லாஹ் இலகுவாக்கித் தருவானாக. ஆமீன்.