மூச்சு மருந்து பிச்சையா?

ஈளை, இழுப்பு, மூச்சிரைப்பு என்று நம் ஜனங்கள் பல பெயரால் சொல்லுவதும், டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்று எழுதுவதுமான நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், 2021-ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் சுமார் 35 லட்சம் பேரைக் கொன்றிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுகிறது. பீடி, சிகரெட்டு பிடிப்பவனுக்கு இது வருவதில் ஆச்சரியமில்லை. பீடியைக் கையாலும் தொடாத நமது பெண்களுக்கு ஏன் வருகிறது? நாற்பது வருஷம் விறகும் வறட்டியும் வைத்து அடுப்பூதி நமக்குச் சோறு போட்டதற்குக் கூலியாக வருகிறது. இதைத் தலைவிதி என்கிறவர்கள் ஒரு மாதம் அந்த அடுப்பங்கரையில் உட்கார்ந்து பார்க்கட்டும். விதி எங்கிருந்து புகைகிறது என்பது தெரிந்துவிடும்.

இந்நோயை அடியோடு போக்க மருந்து இல்லை. ஆனால் வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் மூச்சு இலேசாகும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது குறையும். ஆனால் இது மாதாமாதம் வாங்கவேண்டிய மருந்து. கஷ்டமே இங்குதான் இருக்கிறது.

வீட்டில் கேட்டால் பணம் இல்லை என்கிறார்கள். இல்லாத வீடும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தாய் செத்தபின் கருமாதிக்கும், திதிக்கும், புரோகிதர் தட்சணைக்கும் கடன் வாங்குகிற மகனுக்கு, அவள் உயிரோடிருக்கும்போது ஒரு இன்ஹேலர் வாங்க மாத்திரம் பணம் இல்லாமற்போவது என்ன கணக்கு என்று கேட்கிறோம். மற்றொரு சாக்கு, "அது பழகிவிடும், பிறகு விடமுடியாது" என்பது. சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதே மருந்து இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்குதான் வருகிறது. அதுவும் வேண்டிய இடமாகிய நுரையீரலுக்கு நேரே போகிறது. நாற்பது பங்கைப் பயமின்றி விழுங்குகிறவன் ஒரு பங்கைக் கண்டு நடுங்குகிறான்! இவனே ஜூன் மாதத்தில் ரயிலேறி ஐதராபாத்துக்குப் போய், வாயில் மருந்து அடைத்த உயிர்மீனை விழுங்கவும் தயங்குவதில்லை. அந்தக் கூட்டத்துக்குச் சர்க்காரே வரிசை கட்டி, மீனும் விற்றுக் கொடுக்கிறது.

நிற்க. சர்க்காரின் காப்பீட்டுக் கணக்கையும் பார்ப்போம். 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எதற்கென்றால், ஆஸ்பத்திரியில் படுத்தால். வீடு திரும்பிய பின்னும் 15 நாள் மருந்துக்கு உண்டு. 16-ஆம் நாள் முதல் அவள் மூச்சு அவள் பொறுப்பு! திணறிப் படுத்தால் ஆயிரக்கணக்கில் கொடுக்கச் சம்மதிக்கிறவர்கள், படுக்காமல் இருப்பதற்குச் சில நூறு கொடுக்கச் சம்மதிப்பதில்லை. இப்படிக் கணக்கு எழுதுகிறவனை ஒரு மளிகைக்கடைக்காரன்கூட வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டான்.

இந்தக் கணக்கு மாறுகிறவரை இருக்கிற வழிகளையாவது கூச்சமின்றிக் கேட்டு வாங்கவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இனாம் என்கிறார்கள். சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் நீங்கள் கொடுத்த வரிப்பணம் திரும்பி வருவதற்கு இனாம் என்று பெயர்! சால்பூட்டமால், டயோட்ரோபியம், புடசோனைடு ஆகியவை 2022-ஆம் வருஷத்து அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. ஆகையால் "இதெல்லாம் ஆடம்பர மருந்து" என்று யாரும் சொல்லமுடியாது. மகன் மில்லிலோ பனியன் கம்பெனியிலோ ஈ.எஸ்.ஐ. பிடித்தம் கட்டுகிறவனானால், அவனை அண்டியிருக்கும் தாய் தகப்பனுக்கும் சட்டப்படி வைத்தியம் உண்டு. இது தெரியாமல் கடைக்குக் காசு அழுகிறவர்கள் எத்தனையோ பேர். கடையில்தான் வாங்கவேண்டுமென்றால், கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரை எழுதும்படி டாக்டரைக் கேளுங்கள்; அந்தச் சீட்டோடு 2025-இல் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலும், மக்கள் மருந்தகத்திலும் விலை விசாரியுங்கள்.

மருந்து கிடைத்தால் மாத்திரம் போதாது. நமக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், கருவியில் போட்டு உறிஞ்சவேண்டிய கேப்சூலை மூன்று மாதம் வெந்நீரில் விழுங்கிக் கொண்டிருந்தார். கொடுத்தவர் யாரும் செய்து காட்டவில்லை, இவரும் கேட்கவில்லை. பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர் அவர். நர்சம்மா முன்னால் ஒரு தடவை செய்து காட்டாமல் இடத்தைவிட்டு எழுந்திருக்காதீர்கள்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்ஹேலர் எத்தனை இருப்பு, அந்த மாதம் எத்தனை பேர் இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதை வாசலில் பலகையில் எழுதி வைக்கவேண்டும் என்று தோழர்கள் அங்கே ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும். அதைப் பிரேரேபிப்பவர் அடுப்பூதிய பெண் ஒருவராக இருந்தால் நல்லது. ஆமோதிக்க ஆண்கள் இருக்கிறார்கள்.